ஆளும் கிடைக்கவில்லை, வேலையும் கிடைக்கவில்லை

மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். ஆவணி, புரட்டாசியில் எங்கள் கடைத்தெரு டீக்கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு புலம்பல் காதில் விழும். பத்து ஏக்கர் வைத்திருப்பவர் "நடவுக்கு ஆளே கிடைக்க மாட்டேங்குதுப்பா, எல்லாம் சோம்பேறி ஆயிடுச்சு" என்பார். அவர் எழுந்து போனதும் அதே பெஞ்சில் வந்து உட்காருபவர் "வேலையே இல்லண்ணே, நாலு நாள் நடவோட சரி" என்பார். வெளியூர்க்காரர்கள் கேட்டால் இதில் யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்றுதான் நினைப்பார்கள், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. எப்படி என்று புரிந்தால் காவிரி டெல்டாவில் நிலமில்லாத குடும்பங்கள் எப்படி வருஷத்தை ஓட்டுகின்றன என்பதில் முக்கால்வாசி புரிந்துவிடும்.

முதலில் தண்ணீரிலிருந்து வருவோம். இங்கே வேலை நாளை முடிவு செய்வது முதலாளியும் இல்லை, தொழிலாளியும் இல்லை, மேட்டூர் மதகு. 1934-ல் கட்டி முடித்த அந்த அணையில் ஜூன் 12-ல் தண்ணீர் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். வழக்கம் என்றுதான் சொல்ல முடியும். 2012 முதல் 2019 வரை எட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட ஜூன் 12-ல் திறக்கவில்லை. 2016-ல் செப்டம்பர் 20, 2017-ல் அக்டோபர் 2. அப்புறம் 2020-ல் சரியாகத் திறந்தார்கள், 2022-ல் மே 24-லேயே திறந்துவிட்டார்கள், 2024-ல் மறுபடியும் ஜூலை 28 ஆகிவிட்டது. திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாலு நாள், அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, முறை வைத்து, கிளை வாய்க்கால்களைக் கடந்து, பாசனம் முடிகிற கடைசிப் பகுதியான கடைமடைக்கு வந்து சேர வாரக்கணக்கில் ஆகும், சில வருஷம் வந்தே சேராது.

தண்ணீர் வந்ததும் என்ன ஆகிறது? ஒரே வாய்க்காலை நம்பியிருக்கும் எல்லா வயலுக்கும் ஒரே வாரத்தில் வருகிறது. எல்லாரும் ஒரே வாரத்தில் தண்ணீர் நிறுத்தி உழுது சேறாக்கிச் சேடை கட்டுகிறார்கள். நாற்றுக்கு வயசு ஏறினால் பக்கத் தண்டு வெடித்துத் தூர் கட்டாது என்பதால் எல்லாருக்கும் அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளுக்குள் நடவு முடிந்தாக வேண்டும். ஒரு ஏக்கர் நட பன்னிரண்டிலிருந்து பதினைந்து பெண்கள் வேண்டும், ஒரு நாள் ஆகும். ஊரில் நானூறு ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள், குனிந்து நடக்கூடிய பெண்கள் எண்பது பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்பது பேரும் ஒரு நாளைக்கு ஆறு ஏக்கருக்கு மேல் நட முடியாது, அறுபது எழுபது நாள் இழுக்கும். பத்தே நாளில் முடிய வேண்டும் என்றால் ஆள் எங்கிருந்து வரும்? மேற்கு வங்காளத்திலிருந்து வருகிறது. சில வருஷமாக நடவுக் காலத்தில் பதினைந்து இருபது பேராகச் செட்டு சேர்ந்து வந்து, மோட்டார் கொட்டகையிலோ பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலோ தங்கி, ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி, கயிறு பிடித்து மளமளவென்று நட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அவர்களும் தங்கள் ஊரில் வேலை இல்லாத மாதத்தில்தான் இங்கே வருகிறார்கள்.

ஆக அந்தப் பத்து நாளில் ஆள் பற்றாக்குறை உண்மை. மீதி முன்னூற்றுச் சொச்சம் நாளில் வேலைப் பற்றாக்குறையும் உண்மை.

கடைமடையில் இது இன்னும் மோசம். தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாததால் தலைஞாயிறு, கீழையூர், வேதாரண்யம் பக்கமெல்லாம் நாற்று விடுவதே குறைந்து, புழுதியில் உழுது நேரடியாக விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்கிறார்கள். விவசாயிக்கு இதில் செலவு மிச்சம், தண்ணீர் மிச்சம். ஆனால் நேரடி விதைப்பு என்றால் நாற்றுப்பறி கிடையாது, நடவு கிடையாது. களை எடுக்கும்போது அடர்த்தியான இடத்தில் பிடுங்கி இல்லாத இடத்தில் ஊன்றுகிற வேலை மட்டும் மிச்சம். களைக்கொல்லி வந்தபிறகு அதிலும் பாதிதான். அரசும் ஆள் இல்லை என்ற புலம்பலை மட்டும்தான் கேட்டது போலிருக்கிறது. 2024-ல் குறுவைக்கு (முதல் பருவ நெல்) அறிவித்த உதவித் தொகுப்பில் இயந்திர நடவுக்கு ஏக்கருக்கு 4,000 ரூபாய் மானியம் வைத்தார்கள். விவசாயிக்கு அது நியாயமான உதவிதான், மறுக்கவில்லை. அந்த 4,000 ரூபாயின் மறுபக்கத்தில் யாருடைய நாள் போகிறது என்று மட்டும் எந்த அறிவிப்பிலும் ஒரு வரி இல்லை.

என் பெரியம்மா நடவு வேலைக்குப் போகிறவர். ஐம்பத்தெட்டு வயசு. அவர்கள் செட்டில் பதினாலு பேர், நாற்பது வயசுக்குக் கீழே இரண்டே பேர். காலை ஏழு மணிக்கு வயலில் இறங்கினால் மத்தியானம் இரண்டு மணிக்கு ஏக்கர் முடியும். ஆண்கள் நாற்றுப் பறித்து முடியாக (சிறு கட்டாக)க் கட்டி வயல் முழுக்க வீசி வைத்திருப்பார்கள். இடது கையில் முடியைப் பிரித்துப் பிடித்து, வலது கைக் கட்டைவிரலாலும் இரண்டு விரலாலும் மூன்று நாலு நாற்றைக் கிள்ளி எடுத்துச் சேற்றில் ஊன்றிக்கொண்டே பின்னால் போக வேண்டும். பேச்சு நிற்காது, கை நிற்காது. சீசன் முடிவதற்குள் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் வந்துவிடும், ராத்திரி மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவிக்கொண்டு படுப்பார்கள். கூலியை வாய்க்கால் மதகுக்கட்டையில் உட்கார்ந்து பிரித்துக்கொள்வார்கள். இப்போது அதிலும் ஒரு கூத்து, நிலத்துக்காரர் ஜிபே-யில்தான் அனுப்புகிறார். செட்டுத் தலைவிக்கு ஸ்மார்ட்போன் கிடையாது. பணம் திருப்பூரில் இருக்கும் அவர் மகன் போனுக்குப் போய், அவன் அங்கிருந்து எங்கள் ஊர் மளிகைக்கடைக்காரருக்கு அனுப்பி, கடைக்காரர் ரொக்கமாக எடுத்துக் கொடுக்கிறார். கடையில் யாருக்காவது பாக்கி இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்.

ஒரு தடவை பெரியம்மாவை உட்கார வைத்துக் கணக்குப் போட்டேன். குறுவை நடவு எட்டு நாள் (போர்செட் இருக்கிற வயல்கள் மட்டும்), சம்பா நடவு பதினொரு நாள், களை பன்னிரண்டு நாள், மாசி பங்குனியில் உளுந்து பறிக்க, அடிக்க ஒன்பது நாள். நாற்பது நாள். குடவாசல், நன்னிலம் பக்கம் கோடையில் பருத்தி போடுவதால் அங்கே பெண்களுக்குக் கூடக் கொஞ்ச நாள் கிடைக்கும், எங்களுக்கு அது இல்லை. தினக்கூலி ஏறியிருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை, பத்து வருஷத்துக்கு முன்னால் வாங்கியதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வாங்குகிறார். "இப்பல்லாம் கூலி ஐந்நூறு அறுநூறு கேக்குறாங்க" என்று சொல்பவர்கள் அதை வருஷத்தில் எத்தனை நாள் வாங்குகிறார்கள் என்று கேட்பதே இல்லை.

கணக்கில் அறுப்பு இல்லை என்பதைக் கவனித்தீர்களா? முன்பு அதுதான் பெரிய வேலை. அறுத்து, அரி போட்டு, கட்டுக் கட்டி, வரப்பில் தலைச்சுமையாகக் களத்துக்குக் கொண்டுவந்து, அடித்து, தூற்றி, அளந்து முடிக்க ஒரு குடும்பமே வாரக்கணக்கில் களத்தில் கிடக்கும். கூலி நெல்லாக வரும். மரக்காலால் அளந்து கொடுப்பார்கள். அந்த அளவு கூடுவதும் குறைவதும் இங்கே உயிர் போகிற விஷயமாக இருந்திருக்கிறது. கூலியை உயர்த்திக் கேட்ட போராட்டத்தின் முடிவில்தான் 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரே குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். அதற்குப் பிறகுதான் 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அந்த நெல் வெறும் கூலி இல்லை. தையில் வாங்கிய நெல்லை வீட்டில் நெல் சேமிக்கிற குதிரில் கொட்டி வைத்தால் ஆனி வரைக்கும் உலை வைக்கலாம். களத்தில் சிந்திய நெல்லைக் கூட்டி அள்ளலாம், அறுத்த வயலில் கதிர் பொறுக்கலாம், எலி வளையை வெட்டினால் அதிலும் ஒரு மரக்கால் கிடைக்கும். வேலை இருக்கிற மாதத்தின் வருமானத்தை வேலை இல்லாத மாதத்துக்கு எடுத்துப் போகிற வழி அந்தக் குதிர்தான். வங்கி, வட்டி, கையெழுத்து எதுவும் வேண்டாம்.

இப்போது அறுப்பு மெஷின் ஒரு மணி நேரத்தில் ஒரு ஏக்கரை முடித்துவிடுகிறது. ஆத்தூர், சேலம் பக்கத்திலிருந்தும் வெளிமாநிலத்திலிருந்தும் வருகின்றன, புரோக்கர் மணிக்கு இவ்வளவு என்று பேசிவிடுவார், ஈர வயல் என்றால் டயர் வண்டி இறங்காது, பெல்ட் வண்டிதான், அதற்கு வாடகை கூட. விவசாயி மெஷினுக்குப் போனதில் தப்பே இல்லை. குறுவை அறுப்பு புரட்டாசி ஐப்பசியில் வருகிறது, மழை தலைக்கு மேல் நிற்கிறது. ஆள் வைத்து அறுத்து முடிப்பதற்குள் கதிர் சாய்ந்து முளைத்துவிடும். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் தாண்டினால் எடுக்க மாட்டேன் என்பார்கள், தளர்வு கேட்டு டெல்லிக்குக் கடிதம் போய் ஆள் வந்து பார்த்துப் போவதற்குள் ரோட்டில் கொட்டிய நெல் கறுத்துப்போயிருக்கும். இத்தனைக்கும் நடுவில் அவரிடம் போய் ஆள் வைத்து அறுங்கள் என்று யார் சொல்வது? ஆனால் மெஷின் ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு போகவில்லை, குதிர் என்கிற அந்தச் சேமிப்பையும் சேர்த்துத்தான் தூக்கிப் போட்டுக்கொண்டு போனது. மூட்டை தூக்குவது, வைக்கோல் ரோல் ஏற்றுவது என்று புதிதாக வந்த வேலைகள் எல்லாம் ஆண்களுக்கு. பெண்களுக்கு என்று ஒன்றுகூட வரவில்லை.

பட்டினி கிடக்கிறார்களா என்று கேட்டால், இல்லை. அதற்குக் காரணம் ரேஷன் அரிசி. 2011 ஜூன் முதல் விலையில்லாமல் கிடைக்கிறது, எங்கள் பெரியம்மா வீட்டுக்கு மாதம் 20 கிலோ. 2023 செப்டம்பர் முதல் மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000 ரூபாய். டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பதால் மன்னார்குடி வரை போய் வீட்டு வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இதையெல்லாம் இலவசம் என்று கிண்டல் செய்பவர்கள் சித்திரை வைகாசியில் ஒரு தெருவில் வந்து தங்கிப் பார்க்க வேண்டும் (வெயிலுக்காகவாவது இரண்டு நாளில் ஓடிவிடுவார்கள்). வருஷத்தில் பன்னிரண்டு மாதமும் தவறாமல் வருகிற வருமானம் அந்த ஆயிரமும் அந்த அரிசியும் மட்டும்தான். அரிசிப் பிரச்சினை தீர்ந்தது, காசுப் பிரச்சினை தீரவில்லை.

காசு எப்போது வேண்டும் என்று பாருங்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது, காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும். ஆடியில் புதுசாகக் கல்யாணமான பெண்ணுக்குச் சீர். ஐப்பசியில் தீபாவளி, அதோடு அடைமழை, கூரையில் ஒழுகும் இடத்துக்குத் தார்ப்பாய். இந்தப் பெரிய செலவுகளில் எதுவும் கையில் காசு இருக்கிற நேரத்தில் வருவதில்லை. முன்பு நிலத்துக்காரரிடம் முன்பணம் வாங்கினார்கள், அது அடிமைத்தனம். அதைவிட்டு வெளியே வந்தது நல்லதுதான். அந்த இடத்துக்கு இப்போது வாரா வாரம் தவணை கட்டுகிற கடன் குழு, வாரக் குழு, வந்திருக்கிறது.

பெரியம்மாவிடம் பேரன் எழுதித் தீர்ந்த நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. அதன் பின்பக்கத்தில் "செ" என்று போட்டு ஒரு வரிசை, "வி" என்று போட்டு ஒரு வரிசை. செவ்வாய்க்கிழமைக் குழுவுக்கு 620, வியாழக்கிழமைக் குழுவுக்கு 450. கட்டிய வாரத்துக்கு நேராக டிக். நடவு வாரங்களில் டிக் வரிசையாக ஓடுகிறது. பங்குனி தாண்டியதும் டிக்குக்குப் பதில் பெயர்கள் வருகின்றன: "மேலத்தெரு அக்கா 500", "சம்பந்தி 300". அந்த வாரம் யாரிடம் கைமாற்று வாங்கிக் கட்டினார் என்பது அது. வைகாசியில் செவ்வாய்க்கிழமைப் பணம் வியாழக்கிழமைக் குழுவில் எடுத்த புதுக் கடனிலிருந்து போயிருக்கிறது. ஒருத்தர் கட்டவில்லை என்றால் குழுவில் எல்லாரும் பொறுப்பு என்பதால், பணம் வாங்க வருகிறவர் போகாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார், பக்கத்து வீட்டுப் பெண்களும் கூடவே உட்கார்ந்திருப்பார்கள். அந்த மௌனத்துக்குப் பயந்துதான் கைமாற்று.

ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த விதிப்படி ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்கிற குடும்பத்துக்கு அடமானமில்லாமல் கொடுப்பதுதான் நுண்கடன், எல்லாக் கடனுக்கும் சேர்த்துக் கட்டும் தவணை குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. காகிதத்தில் நல்ல விதி. ஆனால் இந்தக் குடும்பத்துக்கு மாத வருமானம் என்று ஒன்று எங்கே இருக்கிறது? "மாசம் எவ்வளவு வரும்மா" என்று கடன் கொடுக்க வந்தவர்கள் கேட்டார்களாம், நடவு மாசமா சும்மா இருக்கிற மாசமா என்று பெரியம்மா திருப்பிக் கேட்டாராம், அவர்களே ஒரு தொகையை எழுதிக்கொண்டார்களாம். வாரக் கடன் என்பது வாரம் தவறாமல் வியாபாரம் நடக்கிற பூக்கடைக்கும் இட்லிக்கடைக்கும் தைத்த சட்டை. அதைக் கொண்டுவந்து வருஷத்தில் நாற்பது நாள் வேலை செய்கிறவருக்குப் போட்டுவிட்டால் கை நுழையாது.

பிள்ளைகள் கிளம்பிவிட்டார்கள். மன்னார்குடியிலிருந்து ராத்திரி கோயம்புத்தூர் போகும் செம்மொழி எக்ஸ்பிரஸில் பொங்கல் முடிந்த வாரம் ஏறிப் பாருங்கள், அன்ரிசர்வ்ட் பெட்டியில் பாதிப் பேர் விடியற்காலை திருப்பூரில் இறங்குவார்கள். ஊரில் செட்டுக்கு வயசாகிக்கொண்டே போவதற்குக் காரணம் அதுதான். நடவுக்கு ஆள் இல்லை என்பதற்கும் அதுவே காரணம். நாற்பது நாள் வேலைக்காக ஒரு இளைஞன் முன்னூற்று இருபது நாள் ஊரில் காத்திருக்க மாட்டான். காத்திருக்கக் கூடாது என்றுதான் நானும் சொல்வேன். குடும்பமாகச் செங்கல் சூளைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு, அது வேறு கதை, அதில் பிள்ளைகளின் படிப்பு அப்படியே நின்றுவிடும்.

இங்கிருந்து முப்பது நாற்பது கிலோமீட்டர் கிழக்கே போனால் கடற்கரை. அங்கேயும் சீசன்தான், அங்கேயும் சும்மா இருக்கிற மாதம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்கு மீனவக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம். வேதாரண்யம் அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் மழைக்காலத்தில் வேலை இருக்காது, உப்பளத் தொழிலாளிக்கு அந்த மாதங்களுக்காக 5,000 ரூபாய். போதுமா போதாதா என்று தனியாகச் சண்டை போடலாம். ஆனால் "இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை இவர்களுக்கு வேலை இல்லை" என்று அரசு ஒத்துக்கொண்டு தாளில் எழுதியிருக்கிறது பாருங்கள், அது விவசாயக் கூலிக்கு இல்லை. பயிர் மூழ்கினால், கருகினால் ஹெக்டேருக்கு இவ்வளவு என்று நிவாரணம் வரும், ஹெக்டேர் இருப்பவருக்கு. 2011 கணக்குப்படி திருவாரூர் மாவட்டத்தில் மூன்றில் ஒருவர் பட்டியல் சாதியினர், அவர்களில் பெரும்பாலான குடும்பங்களுக்குப் பட்டா நிலம் கிடையாது. வயல் மூழ்கினால் அவர்களுக்கும் களை வேலை போகிறது, அதற்கு அடங்கலில் (கிராமப் பயிர்ப் பதிவேட்டில்) கட்டம் இல்லை. ஆள் யார் என்று தெரியாது என்றும் சொல்ல முடியாது, உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் விவசாயத் தொழிலாளர்களையும் சேர்த்துப் பதிந்து அட்டை கொடுத்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கு, படிப்புக்கு, சாவுக்கு உதவி உண்டு. சும்மா இருக்கிற வைகாசிக்கு இல்லை.

அந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் நூறு நாள் வேலை. 2005-ல் சட்டம், 2006 பிப்ரவரியில் நாடு முழுக்க 200 மாவட்டத்தில் தொடங்கியபோது பக்கத்து நாகப்பட்டினமும் அதில் ஒன்று. வாய்க்கால் வெட்டுவது, குளம் தூர்வாருவது எல்லாம் கோடையில்தான் நடக்கும், நமக்கும் கோடையில்தான் வேலை இல்லை, ஆகப் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் நூறு நாள் என்று பெயர் மட்டும், எங்கள் தெருவில் யாருக்கும் முழு நூறு கிடைத்ததாக நினைவில்லை. கூலி 2025-26-க்கு 336 ரூபாய் என்று அறிவித்தார்கள், அளந்து பார்த்துக் குறைத்துத்தான் கணக்கில் ஏறும். 2024 கடைசியிலிருந்து சில மாதங்கள் அந்தக் கூலியும் வராமல் கிடந்தது. வாரக் குழு மட்டும் வாரம் தவறாமல் வந்தது.

இப்போது 2025 டிசம்பரில் அந்த நூறு நாள் வேலைக்குப் பதிலாகப் புதுச் சட்டம் வந்திருக்கிறது. 100 நாள் என்பது 125 ஆகிறது. கூடவே விதைப்பு, அறுவடைக் காலத்தில் வருஷத்துக்கு 60 நாள் இந்த வேலையை நிறுத்தி வைக்க வேண்டும் என்றும் இருக்கிறது, விவசாயத்துக்கு ஆள் கிடைக்கட்டும் என்று. டீக்கடையின் முதல் புலம்பல் டெல்லி வரை போய்ச் சேர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். எந்த 60 நாள் என்பதை மாநிலம் அறிவிக்க வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கம் ஆனியில் நடவு, எங்களுக்கு ஆவணி, தலைஞாயிற்றில் நடவே இல்லை, விதைப்புதான். அறுப்பு எல்லா ஊரிலும் மெஷின்.

பெரியம்மாவிடம் இதைப் படித்துச் சொன்னேன். "அறுப்பு நேரத்துல எங்களுக்கு வேலை இருக்குன்னு நிறுத்துவாங்களாமா?" என்றார். ஆமாம் என்றேன். நோட்டை மூடித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டே கேட்டார்: "மெஷினுக்குக் கொடி காட்டுற வேலையா தம்பி?"